திரும்பி வந்த உரப்பை

மகன், ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கினால் உன் வாப்பா பார்த்துவிட்டு ஏசுவார். ஆகவே முதலில் ஸலாம். இந்தக் கடிதத்தை நான் கவரில் போட்டு ஒட்டப் போவதில்லை. மடித்துப் பக்கத்து வீட்டு ஸஹ்லாவிடம் கொடுத்துவிடுவேன். சாய்ந்தமருதிலிருந்து பஸ் ஏறி அட்டாளைச்சேனைக்கு உன் வகுப்புக்கு வருகிறவள் இப்போது அவள் ஒருத்திதான். அவள் வழியில் வாசித்தாலும் சரி, உன் மனைவி வாசித்தாலும் சரி, அவளுடைய உம்மா, உன் மாமி, வாசித்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பலாம்தான். ஆனால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிற ஆள். நான் அழுதாலும் உனக்குக் கோழி கத்துகிற மாதிரித்தான் கேட்கும். போன் எடுத்தால் "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று சொல்லியே முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. ஒரு கதிரையில் உட்கார்ந்து முழுதாக வாசி.

அந்த உரப்பையை ஏன் அனுப்பினீர்கள் என்று நீ போனில் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை, நீயும் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இருக்கிறேன், ஆனால் அது ஒரு வரியில் சொல்கிற பதில் இல்லை. நம் வீட்டு முன் விறாந்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

நீ பல்கலைக்கழகம் முடித்து வந்து, வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று உயர்தரம் படிக்கிற ஏ.எல் பிள்ளைகளுக்குக் கணிதமும் பௌதிகவியலும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாய். முதல் சில மாதங்கள் உன் வகுப்பு ஊரில் உள்ள மற்ற வகுப்புகளைப் போலத்தான் இருந்தது. நீ பலகையில் எழுதுவாய், அவர்கள் கொப்பியில் எழுதுவார்கள், நான் குசினியில் கறி வைப்பேன். யாருக்கும் யாராலும் தொந்தரவு இல்லை. பிறகு ஒருநாள் மருதமுனையிலிருந்து வந்த ஒரு பிள்ளை, கைத்தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை, எழும்பி நின்று, "சேர், திருப்பம் எண்டா என்ன?" என்று கேட்டாள். நீ விசையைத் தூரத்தால் பெருக்குவது என்று பலகையில் எழுதினாய். அவள் உட்காரவில்லை. "அது எழுதுற முறை சேர். நான் கேக்கிறது, அது என்ன எண்டு." அந்தப் பிள்ளையின் குரலில் எதிர்ப்பு ஒன்றும் இல்லை. குசினிக்குள் இருந்த எனக்கே அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

நீ முகத்தை ஊதிக்கொண்டு தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாய். நான் திருவலைப் பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீ குடித்து முடித்தும் போகவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனேன். "உம்மா, கொஞ்சம் எழும்புங்க. அது எனக்கு வேணும்" என்றாய். பாதித் தேங்காய் இன்னும் துருவக் கிடக்கிறது என்று சொன்னேன். மிச்சத்தை வகுப்பில் துருவித் தருகிறேன் என்று என்னை எழுப்பிவிட்டுத் திருவலையைத் தூக்கிக்கொண்டு போனாய். யாரும் உட்காராத திருவலையில் அந்தப் பிள்ளையைத் தேங்காய் துருவச் சொன்னாய். அவள் அழுத்தினாள், திருவலை பின்பக்கம் கிளம்பிக் கவிழ்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு வகுப்பிலேயே மெலிந்தவளை அதில் இருக்க வைத்தாய். முன்னால் இருந்தபோது ஆடியது, பின்னால் அரக்கி இருந்தபோது அசையவில்லை. "பாரம் கூடின இல்ல, தூரம்தான் கூடின" என்று அந்த மருதமுனைப் பிள்ளை தானாகவே சொன்னாள். கதவு இடுக்கால் உன் முகத்தைப் பார்த்தேன். உனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த நாளில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

அன்றைக்குத் தொடங்கியது எனக்குப் பிடித்த சனியன். அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரு சாமான் வைத்த இடத்தில் இருந்ததா? குடம் நிறைகிற கடைசியில் ஏன் திடீரென்று வழிகிறது என்று கேட்டு, பைப்படியில் குடத்தை வைத்துவிட்டு எல்லாரையும் சுற்றி நிற்க வைத்தாய். தண்ணீர் ஒரே அளவாக விழுகிறது, வயிற்றுப் பக்கம் மெதுவாக ஏறுகிறது, கழுத்துக்கு வந்ததும் பாய்கிறது. இதுதான் வகையீடு, பயப்பட ஒன்றுமில்லை என்றாய். பைப்பைப் பூட்ட மறந்துபோய் வாசல் முழுக்கச் சேறு. இன்னொரு நாள் உடுப்புக் கொடியை மாமரத்துக்கும் சுவருக்கும் இடையில் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, நடுவில் ஈரச் சாரனைப் போட்டுக் காட்டினாய். தொய்ந்த கயிற்றுக்கு லேசு, நேராக இழுத்த கயிறு அதே சாரனைத் தாங்கப் படாத பாடு படும் என்று நீ சொல்லி வாய் மூடவில்லை, கயிறு அறுந்தது. பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த உன் வாப்பாவின் வெள்ளைச் சேட்டு எல்லாம் மண்ணில். நான் கத்தினேன். காரைதீவிலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடி வந்து அவ்வளவு உடுப்பையும் திரும்ப அலசித் தந்தார்கள். அலசிக்கொண்டே சைன், கொஸைன் என்று கதைத்தார்கள். சவர்க்கார நுரையில் அந்தப் பெண்பிள்ளைகள் கோணம் வரைந்ததை நான் பார்த்தேன்.

ஊரில் மற்றவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தது உனக்கும் தெரியும். உன் பெரிய மாமா, வகுப்பு நடத்துகிறானா சமையல் பழக்குகிறானா என்று கேட்டார். கேள்விகள் செய்து பழகாமல் ஏ.எல் பாஸ் பண்ண முடியாது என்று எனக்கும் தெரியும். பரீட்சைக்கு முன் மாதங்களில் நீயும் பிள்ளைகளைக் கேள்விகளில் போட்டுப் புரட்டி எடுத்தவன்தான். ஆனால் அதற்கு முதல் ஒவ்வொன்றையும் கையில் கொடுத்தாய். நான் ஓ.எல் பரீட்சையில் கணிதம் கோட்டை விட்டவள். பள்ளிக்கூடத்தில் விளங்காத இடத்தில் எல்லாம் தலையாட்டிக்கொண்டு இருந்தேன், யாரும் என் கையில் ஒன்றையும் தரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உன் வகுப்பைக் கேட்ட காலத்தில், எனக்கும் விளங்கியிருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அதை உன்னிடம் சொன்னது இல்லை. சேறு மிதித்து வந்ததற்கு ஏசினது மட்டும்தான் சொன்னேன்.

இப்போது அஸர் தொழுதுவிட்டு வந்தால் வீடு கிடக்கிற கிடை எனக்குப் பொறுக்க முடியவில்லை, மகன். வாசலில் ஒரு செருப்பு இல்லை. தேடினால் கரண்டி கிடைக்கிறது, கயிறு கிடைக்கிறது. நீ போனது எனக்குத் தெரியாமல் நடந்தது இல்லை. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், ஆண் பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போக வேண்டியவன். பெற்ற நாளிலிருந்தே தெரிந்த விஷயம். பெண் பிள்ளை இல்லாத எனக்கு இந்த வீட்டுக்குள் ஒரு மாப்பிள்ளை வரப் போவதில்லை என்பதும் தெரிந்ததுதான். தெரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது? எனக்கு உன்னைத் தேடுகிறது. உன்னை மட்டும் இல்லை, உன் வகுப்புச் சத்தத்தையும் தேடுகிறது.

உன் மாமனார் நல்ல மனிதர். மருமகன் வகுப்பு எடுக்கிறவர் என்று மேல்மாடியில் மண்டபம் கட்டி, தரைக்கு மாபிள் போட்டு, மின்விசிறி, வெள்ளைப் பலகை, மைக் எல்லாம் வைத்துத் தந்தார். நம் விறாந்தையில் நெருக்கி இருந்த பிள்ளைகளைப் போலப் பல மடங்கு பிள்ளைகள் அங்கே வருகிறார்கள் என்று கேட்டு நான் எல்லாரிடமும் பெருமை அடித்தேன். பிறகு ஒருநாள் ஸஹ்லாவிடம் விசாரித்தேன். சேர் நல்லாய்ப் படிப்பிக்கிறார், ரியூட் என்று அச்சடித்த பாடக்குறிப்பு தருகிறார், கேள்வி நிறையச் செய்கிறோம், முந்தி மாதிரி ஒன்றையும் தூக்கிக் காட்டுவதுதான் இல்லை என்றாள். "உனக்கு வெளங்குதா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செய்ய ஏலும் மாமி" என்றாள். விளங்குகிறதா என்று கேட்டால் செய்ய முடியும் என்கிறாள். அந்தப் பதில் எனக்குள் இருந்து அரித்தது. இவ்வளவு வசதி வந்த பிறகு ஏன் இப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

உன் மாமி எங்களைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்த அன்றுதான் பிடிபட்டது. சாப்பிட்டுக் கை கழுவி எல்லாரும் ஹோலில் இருந்தோம். கை கழுவிய பேசின் தண்ணீரோடு மேசையில் இருந்தது, பக்கத்தில் எவர்சில்வர் கோப்பை ஒன்று. அப்போது உன் மாணவி ஒருத்தி தகப்பனோடு மோட்டார் சைக்கிளில் வந்தாள். ஊசி அமிழ்கிறது, அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது என்று வாசலில் நின்று கேட்டாள். நீ திரும்பி அந்தப் பேசினைப் பார்த்தாய். கோப்பையைப் பார்த்தாய். உன் கை கொஞ்சம் முன்னால் போனது. நம் வீடாக இருந்தால் அந்த நிமிஷமே கோப்பை தண்ணீரில் மிதந்திருக்கும், ஹோலும் நனைந்திருக்கும். அதற்குள் உன் மாமி எழும்பி, "என்ன வேணும் மகன், சொல்லுங்க" என்று கேட்டார். உன் மனைவியும் எழும்பினாள். மைத்துனியும் எழும்பினாள். "ஒண்டுமில்ல மாமி" என்று கையை எடுத்துக்கொண்டாய். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, ஒரு தாளில் சமன்பாட்டை எழுதி அவளிடம் கொடுத்தாய். அவள் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டு எனக்குத் தெரியும். அது என்னுடையது.

உனக்கு அந்த வீட்டில் தட்டில் வைத்துத் தேத்தண்ணி வருகிறது. தண்ணீர் என்றால் மூன்று பேர் எழும்புகிறார்கள். குசினிப் பக்கம் நீ கால் வைத்தது இல்லை, வைக்க விடவும் மாட்டார்கள். புது மாப்பிள்ளைக்கு மரியாதை செய்கிறார்கள், அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நீ சொல்லிக்கொடுக்கிற விதம் குசினியில் பிறந்தது. குசினிக்குள் போக முடியாத மனிதன் பிறகு எதைத் தூக்கிக் காட்டுவது? ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது நிந்தவூர் தாண்டும்வரை நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. உன் வாப்பா, இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார்.

மறுநாள் வெறும் உரப்பை ஒன்றை அலசிக் காயவைத்து, அதற்குள் திருவலையைப் போட்டேன். நெளிந்த குடத்தைப் போட்டேன். கிணற்றுக் கப்பியைக் கழற்றிப் போட்டேன், கயிற்றையும் போட்டேன். உன் வாப்பா நெல் நிறுக்கிற பழைய விற்றராசையும் அவரைக் கேட்காமல் போட்டேன். தெரிந்த ஓட்டோக்காரரிடம் கொடுத்து, சேரின் மண்டபத்தில் இறக்கச் சொன்னேன். அவர் உன் மாமி வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் அதற்குள் ஒரு துண்டு கூட எழுதி வைக்கவில்லை. நீ பார்த்தால் விளங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். வேறு யாராவது அவிழ்ப்பார்கள் என்று என் மண்டைக்குள் வரவே இல்லை. அன்றைக்கு உன் மாமி வீட்டில் உறவுக்காரர் வந்திருந்தார்களாம். எல்லாருக்கும் முன்னால் அவிழ்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் உம்மாவிடமிருந்து ஒரு பழைய திருவலை, ஒரு நெளிந்த குடம்.

உன் மாமி எனக்குப் போன் எடுத்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "மதினி, எங்கட புள்ளைக்கு நாங்க ஒரு திருவல கூடக் குடுக்காமலா மாப்புள எடுத்த?" என்றார். மகளுக்கு வீடு கட்டி, கட்டிலிலிருந்து கரண்டி வரை நிரப்பிக் கொடுத்த தாயிடம் நான் என் ஓட்டைச் சாமான்களை அனுப்பியிருக்கிறேன். நம் ஊர்களில் இதைவிடப் பெரிய பழிப்பு ஏது? எனக்குப் பெண் பிள்ளை இருந்திருந்தால் அந்தப் பையைக் கட்டும்போதே கை நின்றிருக்கும். மகனின் வகுப்புக்குத்தான் அனுப்பினேன் என்று தடுமாறிச் சொன்னேன். "வகுப்புக்கு வேணுமெண்டா அவர் எங்கக்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றார். அடுத்த நாள் உரப்பை அப்படியே திரும்பி வந்தது. அதுவரை நான் ஸஹ்லாவின் உம்மாவிடம் திருவலை இரவல் வாங்கித்தான் கறி வைத்தேன்.

நான் அழுதுகொண்டு சாமான்களைக் கழுவினேன். உன் மாமியை மனதுக்குள் ஏசினேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன் வாப்பா கிணற்றில் கப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். நான் அழுகிறதைக் கேட்டு ஒரு பழைய கதையை எடுத்தார். அவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில், என் உம்மா தேத்தண்ணி கொடுத்து சீனி போதுமா, காணுமா என்று கேட்பாராம். காணும் என்று சொல்லிக் குடித்துவிடுவாராம். அவருக்கு அது காணாது. மாதக்கணக்கில் கசக்கக் கசக்கக் குடித்திருக்கிறார், எனக்குக்கூடத் தெரியாது. ஒருநாள் தாங்க முடியாமல் தானே குசினிக்குள் போய், சீனி டின்னை எடுத்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டாராம். என் உம்மா திடுக்கிட்டுப் போய் நின்றாராம், பிறகு சிரித்தாராம். அன்றிலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், கூரைக்கு ஏறச் சொன்னார், பிந்தி வந்தால் ஏசினார். இவ்வளவையும் சொல்லிவிட்டு உன் வாப்பா கயிற்றைக் கப்பியில் போட்டார். "எனக்கும் என்ட உம்மா ஒரு சீனி டின் அனுப்பியிருந்தா, நான் இண்டைக்கும் இந்த வீட்டில விருந்தாளிதான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு என் மனது விளங்கியது, மகன். உன் வகுப்புக்காக அனுப்பினேன் என்று உன் மாமியிடம் சொன்னது பாதி உண்மை. மற்றப் பாதி, உனக்கு ஒரு குடம் வேண்டும் என்றால் அது என் குடமாக இருக்க வேண்டும் என்ற ஆசை. நீ அங்கே இருந்துகொண்டு என் சாமான்களால் சொல்லிக்கொடுத்தால், நீ முழுதாகப் போகவில்லை என்று நான் நினைத்துக்கொள்ளலாம். உன்னைப் பெற்றவளுக்கு இந்த ஆசை இருப்பது குற்றம் இல்லை. ஆனால் அது உன்னை ஹோலிலேயே இருத்தி வைத்துவிடும். ஸஹ்லாவைப் போன்ற பிள்ளைகள் செய்ய ஏலும் என்று சொல்லிக்கொண்டே பரீட்சைக்குப் போய் வருவார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் என்னைப் போல மலங்க விழிப்பார்கள். நீயும் ஒருநாள் தாளில் எழுதிக் கொடுப்பதே போதும் என்று பழகிவிடுவாய். எனக்கு அதுதான் பயம். நீ காசு குறைவாக உழைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. அந்தத் திருவலை நாளில் நான் பார்த்த முகம் உனக்கு இல்லாமல் போய்விடக் கூடாது.

மதினி, இந்த இடத்தை நீங்கள் வாசித்தால், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் குறை என்று நான் அனுப்பவில்லை. என் புத்தி அவ்வளவுதான் ஓடியது. இவன் கேட்க வெட்கப்படுகிறவன். சின்ன வயதிலும் பசித்தால் குசினியைச் சுற்றிச் சுற்றி வருவானே தவிர, வாய் திறக்க மாட்டான். அவர் எங்களிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொன்னீர்களே, அதை நான் கோபத்தில் கேட்டுவிட்டு, நிதானமாக யோசித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று விளங்கியது. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். அவன் எதையாவது பார்த்துவிட்டுக் கையை இழுத்தால், ஒன்றுமில்லை என்று சொன்னால், நம்பாதீர்கள். எழும்பிப் போய் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். போய் எடு என்று சொல்லுங்கள்.

நீ, மகன், இதை மடித்து வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போ. மாமி அங்கே இருக்கும்போது போ. ஒரு சட்டி கேள். பழையது இருக்கிறதா என்று கேட்காதே, அவர் அடுப்பில் வைக்கிற நல்ல சட்டியையே கேள். அதை மேல்மாடிக்குக் கொண்டு போய்ப் பிள்ளைகளின் கையில் கொடு. மாபிள் நனையட்டும், துடைக்கலாம். கட்டாயம் எதையாவது நெளிப்பாய், உன் கை எனக்குத் தெரியும். நெளிந்ததை ஒளித்து வைக்காமல் கீழே கொண்டு வந்து கொடு. முதல் தடவை ஒன்றும் சொல்ல மாட்டார். மரியாதைக்குச் சிரிப்பார். இரண்டாம் தடவையும் சிரிக்கலாம். நீ விடாமல் கேட்டுக்கொண்டே இரு. ஒருநாள் அடுப்பில் கறி கொதிக்க, கரண்டியைக் காணாமல், உன் பேரைச் சொல்லிக் கத்தி, நான் ஏசினது போலவே உன்னை ஏசுவார்.

அன்றைக்கு எனக்குப் போன் எடுத்துச் சொல்லு. நான் சிரிப்பேன், மாமிக்கு நல்லா வேணும் உனக்கும் நல்லா வேணும் என்பேன், உன் வாப்பாவையும் கூப்பிட்டுச் சொல்வேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுவேன். அதற்கு நீ வர வேண்டாம், உனக்கு வகுப்பு இருக்கும்.

உன் உம்மா